மலிவு விலை கிராபிக்ஸ் கார்ட்: தோட்டத்து முகவரிக்கு வரும் பொதியைத் திறப்பதற்கு முன்

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னைய வாரம் ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கினேன். காணொளிகளைத் தொகுப்பதற்கு என் பழைய அலுவலகக் கணினி போதவில்லை. இணையச் சந்தைத் தளம் ஒன்றில், பெயர் தெரியாத ஒரு மூன்றாம் தரப்பு விற்பனையாளரின் பக்கத்தில், ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்று 18,500 ரூபாவுக்குப் போட்டிருந்தார்கள். கடை விலையில் பாதிக்குச் சற்று அதிகம். கையிலிருந்த பணத்தோடு அம்மா தன் தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கையும் தந்தார். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. அதாவது பதினெட்டரை நாள் கொழுந்து.

குரியர்காரர் மலைக்கு மேலே வரவில்லை. பொதி தோட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டு அங்கேயே நான்கு நாட்கள் கிடந்தது. எங்கள் கைக்கு வந்து, நான் கொழும்பிலிருந்து லீவில் வந்து திறந்தபோது எட்டாவது நாள். கணினியில் பொருத்திப் பார்த்தால், அது 2011ஆம் ஆண்டுக் கார்ட் ஒன்றுக்குப் புதுப் பெயர் எழுதிய போலி. திருப்பி அனுப்புவதற்கான காலம் ஏழு நாட்கள். பொதி அலுவலக மேசையில் வைக்கப்பட்ட நாளே ‘வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று பதிவாகிவிட்டது.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு படித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் வீட்டிலிருந்தே வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வேலைகள் செய்யத் தொடங்கியிருக்கும் இளையோருக்கு இது பயன்படக்கூடும். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளும், போருக்குப் பின் பூச்சியத்திலிருந்து தொடங்கிய வடக்கு, கிழக்கு இளையோரும் இதே பக்கங்களில்தான் இதே கார்ட்களைத் தேடுகிறார்கள்.

விலை ஏன் குறைகிறது?

மலிவாகக் கிடைப்பதெல்லாம் போலி அல்ல. விலை குறைவதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, நாணய அகழ்வு. கிரிப்டோ நாணயமான எத்தீரியத்தை உருவாக்குவதற்காக உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கிராபிக்ஸ் கார்ட்கள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எத்தீரியம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதோடு அந்த வேலைக்குக் கார்ட்கள் தேவையற்றுப்போயின. ஆர்எக்ஸ் 570, ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர் போன்றவை பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு, புதுப் பெட்டியில் போட்டு விற்கப்படுகின்றன.

இரண்டாவது, பழைய தலைமுறை. உற்பத்தியாளர் கைவிட்ட கார்ட்களுக்கு விலை குறைவது இயல்பு.

மூன்றாவது, உத்தரவாதம் இல்லாமை. இறக்குமதி முகவரின் உத்தரவாதம் இல்லாத பொருளை, அந்தச் செலவு சேராத விலைக்கு விற்கலாம்.

நான்காவதுதான் போலி.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது, 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரியின் வீதம் 18 சதவீதம். சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. இந்தக் கணக்கில் 40,500 ரூபாக் கார்ட் என்பது 30 நாள் வேலை. புதுக் கார்ட் கைக்கு எட்டாமல் போகும்போது கண் தானாகவே மலிவு விலைப் பக்கம் போகிறது. போலி விற்பவர் காத்திருப்பதும் அங்கேதான்.

போலி எப்படித் தயாராகிறது?

கிராபிக்ஸ் கார்ட்டில் பயோஸ் என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. கார்ட்டின் பெயரையும் அளவுகளையும் கணினிக்குச் சொல்வது அதுதான். பழைய கார்ட்டின் பயோஸை மாற்றி எழுதினால், ஜிடிஎஸ் 450 (2010) அல்லது ஜிடிஎக்ஸ் 550 டிஐ (2011) தன்னை ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் அதை அப்படியே நம்பும். உண்மையான 1050 டிஐயில் 768 கணிப்புக் கருக்கள் உள்ளன. அந்தப் பழைய இரண்டிலும் 192 மட்டுமே.

வாங்குவதற்கு முன்பே பார்க்கக்கூடிய அடையாளங்கள்:

• படத்தில் நீல நிற விஜிஏ துளை இருக்கிறதா? என்விடியாவின் 10ஆம் வரிசைக் கார்ட்களில் விஜிஏ வெளியீடு பொதுவாகக் கிடையாது. 1050 டிஐ என்று சொல்லும் கார்ட்டில் அந்தத் துளை இருந்தால் கடுமையாகச் சந்தேகிக்க வேண்டும்.

• பெட்டியிலோ கார்ட்டிலோ தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? வெறுமனே ‘ஜிடிஎக்ஸ்’ என்று மட்டும் அச்சிட்ட பெயரற்ற பெட்டி நல்ல அறிகுறி அல்ல.

• ‘டிரைவரைப் புதுப்பிக்க வேண்டாம், நாங்கள் தரும் சீடியை மட்டும் போடுங்கள்’ என்று விற்பவர் சொல்கிறாரா? நிறுவனத்தின் அசல் டிரைவர் போலிக் கார்ட்டோடு ஒத்துழைக்காது. எச்சரிக்கைக்குக் காரணம் அதுதான்.

• அந்தப் பக்கத்தில் உள்ள படங்கள் விற்பவர் தானே எடுத்தவையா, நிறுவன விளம்பரப் படங்களா? கார்ட்டின் பின்பக்கத்தையும் தொடர் இலக்க ஒட்டியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் தயங்கமாட்டார்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

சட்டப்படி போலி அல்லாமலே நம்மைக் குழப்பும் பெயர்களும் உண்டு. இவற்றை உற்பத்தியாளர்களே உருவாக்கினார்கள்.

ஜிடி 1030 இரண்டு விதம். 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. 2018இல் வந்தது டிடிஆர்4 கொண்டது. இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெயர் ஒன்றே.

ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் அல்ல. 3 ஜிபி கார்ட்டில் கருக்களும் குறைவு.

ஆர்எக்ஸ் 580இன் முழு வடிவில் 2304 கருக்கள். சீனச் சந்தைக்காக 2018இல் வந்த ‘580 2048எஸ்பி’ என்பது பெயரில் 580, உள்ளே 570க்கு நிகரானது. வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகக் கிடைப்பவற்றில் இது நிறைய. விலை பொருந்தினால் வாங்கலாம். 580 என்று நினைத்து அந்த விலையைக் கொடுக்கக்கூடாது.

பி106-100 என்ற கார்ட் 1060இன் சிப்பைக் கொண்டது, ஆனால் அகழ்வுக்கென்றே தயாரானது. திரையை இணைக்கும் துளையே அதில் இல்லை. விலையைப் பார்த்து அவசரப்பட்டால், வீட்டுக்கு வந்தபின்தான் கேபிளைச் செருக இடம் தேடுவோம்.

முதலில் கேட்க வேண்டியது: எனக்கு இது தேவையா?

பெனர், திருமண அழைப்பிதழ், முகநூல் விளம்பரம் போன்ற வடிவமைப்பு மட்டும் செய்பவருக்குக் கிராபிக்ஸ் கார்ட் பெரிய மாற்றத்தைத் தராது. அதே பணத்தில் ரேம்மை 16 ஜிபியாக்கி ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும். சாதாரணக் காணொளித் தொகுப்புக்கு, பெரும்பாலான இன்டெல் சிப்களில் 2011 முதலே உள்ள குயிக் சிங்க் வசதி ஓரளவு கைகொடுக்கும்.

பிளெண்டரில் முப்பரிமாண வேலை கற்பவருக்குக் கார்ட் அவசியம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 2021 டிசெம்பரில் வந்த பிளெண்டர் 3.0 பதிப்பிலிருந்து, அதன் சைக்கிள்ஸ் ரெண்டரில் ஆர்எக்ஸ் 470 முதல் 580 வரையான கார்ட்கள் வேலை செய்வதில்லை. விளையாட்டுக்கு நல்ல கார்ட். இந்த வேலைக்கு வெறும் பெட்டி. இது தெரியாமல் 580 வாங்கினால் கார்ட் அசலாக இருந்தும் பணம் வீண்.

என்விடியா பக்கமும் காலக்கெடு உண்டு. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900, 1000 வரிசைகளுக்கான வழமையான டிரைவர் மேம்படுத்தல்களை 2025 ஒக்டோபருடன் முடிப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். இன்று 1050 டிஐ வாங்குபவர் இதையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

நம்மில் பலர் வைத்திருப்பது கொழும்பு நிறுவனங்கள் கழித்துவிட்ட ஒல்லியான டெஸ்க்டொப்கள். அவற்றின் மின்வழங்கி பெரும்பாலும் 240 வாற்று அளவு. 185 வாற்று இழுக்கும் ஆர்எக்ஸ் 580ஐ அதில் ஓட்ட முடியாது. தனி மின் இணைப்புத் தேவையில்லாத 75 வாற்றுக்கு உட்பட்ட கார்ட்களே பொருந்தும். 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாற்று மட்டுமே எடுக்கும். உயரம் குறைந்த வடிவத்திலும் கிடைக்கிறது. ஆனால் 8 ஜிபி 3050 வேறு கார்ட், 130 வாற்று. பெட்டிக்குள் எத்தனை சென்ரிமீற்றர் இடம் இருக்கிறது என்பதை அளந்துவிட்டே தேடத் தொடங்குங்கள்.

மூன்றாம் தரப்பு விற்பனையாளர் என்றால் யார்?

டராஸ், அலிஎக்ஸ்பிரஸ் போன்ற சந்தைத் தளங்களில் பெரும்பாலான பொருட்களைத் தளம் விற்பதில்லை. அங்கே கடை திறந்த தனித்தனி வியாபாரிகள் விற்கிறார்கள். தளம் பணத்தை இடையில் வைத்திருந்து, பிரச்சினை வந்தால் ஒரு முடிவு சொல்கிறது. இக்மன் போன்ற விளம்பரத் தளங்கள் வேறு. அங்கே வாங்குபவரும் விற்பவரும் நேரே பேசி முடிப்பதுதான் வழக்கம். முகநூல் குழுவில் முன்பணம் கேட்பவரிடம் அந்தக் காவலும் இல்லை.

விற்பவரின் பக்கத்தில் நான்கு விடயங்களைப் பாருங்கள். கடை எத்தனை காலமாக இருக்கிறது? இதே கார்ட்டுக்கு, படத்தோடு எழுதப்பட்ட மதிப்பீடுகள் எத்தனை? ஒன்று, இரண்டு நட்சத்திர மதிப்பீடுகள் என்ன சொல்கின்றன? திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து?

சில சொற்களின் உண்மைப் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். ‘ரீஃபர்பிஷ்ட்’ என்பது பாவித்துத் திருத்தியது. ‘ஓப்பன் பொக்ஸ்’ என்பது யாரோ திறந்து திருப்பிக் கொடுத்தது. ‘செலர் வொரண்டி’ என்றால் நிறுவனம் பொறுப்பல்ல, அந்தக் கடை இருக்கும்வரைதான் உத்தரவாதம். ‘செக்கிங் வொரண்டி’ என்பது பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தரும் சில நாட்கள் மட்டும்.

விற்பவர் தளத்துக்கு வெளியே வட்ஸ்அப்பில் பேசி, ‘நேரே வங்கிக்குப் போட்டால் இன்னும் குறைக்கலாம்’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பதில் சொல்லாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், சுங்கத்தில் விழும் வரி காட்டப்படும் விலையில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

முகவரி என்ற முதல் தடை

நகரத்தில் இருப்பவருக்கு இல்லாத பிரச்சினை நமக்கு இருக்கிறது. லயன் அறைக்குப் பெரும்பாலும் சொந்த இலக்கம் கிடையாது. தோட்டப் பெயரும் டிவிஷனும்தான் முகவரி. கடிதமும் பொதியும் தோட்ட அலுவலகம் வழியாக வந்துசேரும் வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலை இழந்த கதைகள் மலையகத்தில் புதியவை அல்ல. இணைய வணிகத்தில் அதே தாமதம் திருப்பி அனுப்பும் உரிமையைத் தின்றுவிடுகிறது.

ஆகவே விலை கூடிய பொருளுக்குத் தோட்ட முகவரியைக் கொடுக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, வேலை செய்யும் அக்கா, அறிமுகமான கணினிக் கடை என்று நம்பிக்கையான ஓரிடத்தைக் கொடுங்கள். தளத்துக்குச் சொந்தமான பொறுப்பேற்கும் நிலையம் உங்கள் நகரத்தில் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். அன்றே போய் எடுக்கக்கூடிய நாளாகப் பார்த்து ஓடர் போடுங்கள்.

பொதி கைக்கு வந்ததும்

1. ஒட்டுநாடாவை வெட்டுவதற்கு முன் கைபேசியில் காணொளி எடுக்கத் தொடங்குங்கள். பொதியின் முகவரி ஒட்டி, பெட்டி, கார்ட், தொடர் இலக்கம் எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டில்லாமல் பதிவாக வேண்டும்.

2. நுவரெலியாப் பக்கக் குளிரில் வந்த பொதியை உடனே சூடான அறையில் திறந்து மின்சாரம் கொடுக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். மூடியபடியே சில மணி நேரம் அறையில் இருக்கட்டும்.

3. தூசி, துரு, திருகாணிகளில் கீறல், விசிறியின் தளர்வு ஆகியவற்றைப் பாருங்கள். திருகாணி கீறியிருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

4. டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள்.

5. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, பெயர் மாற்றப்பட்ட பழைய என்விடியா கார்ட்களை அது அடையாளம் கண்டு, பெயருக்கு முன்னால் போலி என்று காட்டும். எனக்குக் காட்டியதும் அதுதான். சிப்பின் பெயரையும் பாருங்கள். 1050 டிஐ என்றால் ஜிபி107 இருக்க வேண்டும். ஜிஎஃப் என்று தொடங்கினால் அது பழைய சரக்கு. கருக்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

6. ஃபர்மார்க் போன்ற சோதனையை 15 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் கவனியுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால், கணினி நின்றுபோனால், கார்ட் பழுது. அகழ்வில் ஓடிய கார்ட் என்பதாலேயே அது கெட்டது அல்ல. தேய்வது பெரும்பாலும் விசிறியும் வெப்பப் பசையும்தான், இரண்டையும் மாற்றலாம். டிரைவர் ஏறாத ஆர்எக்ஸ் கார்ட்டில் அகழ்வுக்காக மாற்றிய பயோஸ் இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் செய்துமுடிக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லையென்றால் ஹட்டனில் ஒரு கணினிக் கடையில் சிறு கட்டணம் கொடுத்துச் சோதியுங்கள்.

நல்ல கார்ட்டையும் கெடுக்கக்கூடியது மின்சாரம். மழைக்கால இடி மின்னலும் அடிக்கடி வரும் மின்தடையும் நமக்குப் பழகியவை, கார்ட்டுக்கு அல்ல. யூபிஎஸ் வாங்க முடியாதவர்கள் இடி முழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுவதாவது செய்ய வேண்டும். கணினியை ஈரச் சுவரிலிருந்து விலக்கி, தரைக்கு மேலே வையுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் தளத்துக்குள்ளேயே முறைப்பாடு செய்யுங்கள். காணொளி, ஜிபியு-இசட் திரைப்படம், விளம்பரப் பக்கத்தின் திரைப்படம் மூன்றையும் இணையுங்கள். ‘பாதிப் பணம் தருகிறேன், முறைப்பாட்டை மூடுங்கள்’ என்று விற்பவர் சொன்னால், பணம் வரும்வரை மூடாதீர்கள்.

வங்கி அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகளுக்குப் பொதுவாக 120 நாட்கள் வரை இதற்கு இடமுண்டு. தாமதிக்காமல் போவது நல்லது. கையில் காசு கொடுத்துப் பொதியை வாங்கியவருக்கு இந்த வழி இல்லை.

விற்பவர் இலங்கையில் இருந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபை இருக்கிறது. தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பொருளின் தரம், வகை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்குகிறது. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டை, அது மின்னஞ்சலாக இருந்தாலும், பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது.

முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர் என்றால் அது மோசடி. பொலிஸில் முறையிட வேண்டும். ஏமாற்றுப் பக்கங்கள், கைப்பற்றப்பட்ட கணக்குகள் பற்றி இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்தில் அறிவிக்கலாம்.

நான் இவற்றில் எதையும் செய்யவில்லை. வெட்கம் காரணம். ஊடகம் படித்தவன், நாலு பேருக்குச் செய்தி எழுதுகிறவன், ஏமாந்துபோனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் ‘கார்ட் நல்லா வேலை செய்யுது’ என்றேன். பெயர் மாற்றி விற்பவருக்கு அந்த மௌனம்தான் முதலீடு. மதிப்பீட்டுப் பக்கத்தில் நான் இரண்டு வரி எழுதியிருந்தால், எனக்குப் பின்னால் வந்த ஒருவராவது அதைப் பார்த்து நிறுத்தியிருக்கலாம்.

அந்தக் கார்ட் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கடந்த முறை வீட்டுக்குப் போனபோது, கணினி வாங்க யோசிக்கும் பக்கத்து லயன் தம்பி ஒருவனிடம் அதைக் கொடுத்து, விஜிஏ துளையைக் காட்டினேன். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார்.